குளத்தில் பிறந்த கப்பல்

கப்பல் என்றதும் உங்கள் மனக்கண் முன் எது வந்து நிற்கிறது? நம்மில் வயது முதிர்ந்தவர்களைக் கேட்டால் 'ரஜூலா' என்பார்கள். 1926இல் கட்டப்பட்டு, தமிழ்நாட்டுக் கரைக்கும் மலாயாக் கரைக்குமாக 1973 வரை ஓடிய கப்பல் அது. அதில் வந்து இறங்காத உறவினர் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் குறைவு.

இன்று நாம் பார்க்கப் போவது வேறொரு கப்பல். அது ஒரு நாளும் கடலில் மிதந்ததில்லை, ஆற்றிலும் ஓடியதில்லை. தரையில் வெட்டிய குளத்துக்குள்ளே 44 ஆண்டுகள் உழைத்த கப்பல் அது. எடை 4,500 டன். இப்படிப்பட்ட கப்பலை ஓர் ஊரின் குளத்திலிருந்து இன்னோர் ஊரின் குளத்துக்கு மாற்ற வேண்டுமானால் என்ன செய்வார்கள்? இழுத்துக்கொண்டு போக ஆறு இல்லை. ஏற்றிக்கொண்டு போக லோரி இல்லை. இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நம் பயணம். புறப்படும் இடம் செலாயாங்.

செலாயாங்கை உங்களில் பலருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். விடியுமுன்னே காய்கறி லோரிகள் வந்து குவியும் மொத்தச் சந்தை, பெரிய அரசாங்க மருத்துவமனை, கிழக்கே திரும்பினால் முருகன் வீற்றிருக்கும் பத்துமலை. இவற்றோடு, வெளியூர்க்காரர்கள் அதிகம் அறியாத வெந்நீர் ஊற்று ஒன்றும் அங்கே உண்டு. முழங்கால் வலிக்கு நல்லதென்று காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை அங்கே காணலாம்.

அந்த வெந்நீரும் பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையும் நம் கதையின் முதல் அத்தியாயம். தீபகற்பத்தின் முதுகெலும்பு போல ஓடும் பெரிய மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. பூமிக்குள் கொதித்த குழம்பு மேலேறி இறுகியபோது உண்டான கல் அது. வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் அந்தக் கல்லை ஒட்டியே பிறக்கின்றன. ஈயமும் அதனோடு வந்ததுதான். பல்லாயிரம் ஆண்டு மழை மலையைக் கரைத்தது. கரைந்த மணலோடு ஈய மணிகளும் ஆற்றில் உருண்டு வந்தன. மணலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனமானவை ஆதலால், அவை நெடுந்தூரம் போகவில்லை. அடிவாரத்துப் பள்ளத்தாக்கில், சுண்ணாம்புப் பாறையின் குழிகளுக்கு மேல் படிந்துவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈயம் கொழித்தது இதனால்தான்.

1857இல் ராஜா அப்துல்லாவின் முயற்சியால் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்து, ஆறுகள் கூடும் முனையில் இறங்கி அம்பாங் பக்கம் நடந்தார்கள் என்பது கோலாலம்பூரின் பிறப்புக் கதை. அவர்கள் வந்ததும் ஈயத்துக்காகத்தான்.

இப்போது செலாயாங்கிலிருந்து கெப்போங், ஜின்ஜாங், பத்து வட்டாரங்களைச் சுற்றி வாருங்கள். இடையிடையே குளங்கள் தென்படும். நம் முன்னோரின் ஊர்களில் குளம் என்றால் அரசனோ ஊரோ வெட்டியிருப்பார்கள். படித்துறையும் அரச மரமும் இருக்கும். இந்தக் குளங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இவை ஈயம் தோண்டிய பள்ளங்கள். நாம் பேச்சுவழக்கில் லம்பம் என்கிறோமே, அந்த லம்பத்தின் மிச்சம். பத்து, ஜின்ஜாங் குளங்கள் இன்று கோலாலம்பூருக்கு வெள்ளம் வராமல் மழைநீரைத் தேக்கிவைக்கும் தொட்டிகளாக வேலை செய்கின்றன. கரையில் மக்கள் ஓடுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள்.

ஈயம் எடுக்க மூன்று வழிகள் இருந்தன. ஓடையில் நின்று மரத்தட்டில் மணலை அரித்து எடுப்பது ஒன்று. அந்தத் தட்டுக்கு 'டூலாங்' என்று பெயர்; பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, உயரமான மரச் சாய்வில் ஏற்றி வடிப்பது இரண்டாவது. 'பாலோங்' என்ற அந்தச் சாய்வுகள் சீனர் லம்பங்களின் அடையாளம். மூன்றாவதுதான் நம் கப்பல். மலாய்க்காரர்கள் 'கப்பால் கோரெக்' என்றார்கள். நம்மவர்களுக்கு அது ஈயக் கப்பல். இந்த நாட்டில் முதலாவது ஈயக் கப்பல் 1913இல் பேராக்கின் பத்து காஜா அருகே வேலை தொடங்கியது. 1930களில் நூறுக்கு மேற்பட்டவை ஓடின. சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரம் இவற்றுக்குப் பேர் போனது. 2007 முதல் அந்த ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா.

சரி, ஒரு கப்பலை நேரில் பார்க்கப் போவோம். செலாயாங்கிலிருந்து பழைய சாலையில் வடக்கே போனால் கஞ்சிங் வனம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஈயம் எடுத்த இடம் அது. இன்று நீர்வீழ்ச்சியில் குளிக்க வருகிறார்கள். அடுத்து ரவாங். இங்கே சற்று வண்டியை நிறுத்துங்கள். பத்துமலைக் கோயிலுக்கும் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலுக்கும் வித்திட்ட கா. தம்புசாமிப் பிள்ளையை நாம் கோயிலோடு சேர்த்தே நினைக்கிறோம். அவர் ஈயத் தொழிலிலும் முன்னோடி. சீனச் செல்வந்தர் லோக் இயூவோடு கூட்டாக ரவாங்கில் அவர் நடத்திய லம்பத்தில், 1890களிலேயே மின்சார இறைப்பான்கள் ஓடின. கோலாலம்பூருக்கு முன்பே ரவாங்கில் மின்விளக்கு எரிந்ததும் அந்த முயற்சியால்தான். லம்பத்துக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அங்கிருந்து தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார் வழியாக வடக்கே போனால் பத்து காஜா. நெடுஞ்சாலையில் போனால் செலாயாங்கிலிருந்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் கே. எல். சென்ட்ரலில் மின்ரயில் ஏறினால் பத்து காஜா நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். ஊரிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். வலமும் இடமும் செம்பனையும் குளங்களுமாக வரும். அந்தக் குளங்களில் சிலவற்றில் இப்போது இறால் வளர்க்கிறார்கள். திடீரென்று மரங்களுக்கு மேல் ஒரு துருப்பிடித்த கோட்டை எழும்பும். அதுதான் 'டி. டி. 5' என்ற ஈயக் கப்பல்.

அதைக் கப்பல் என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆகும். பல மாடி ரப்பர் ஆலையைத் தூக்கித் தெப்பத்தின் மேல் வைத்தாற்போல இருக்கிறது. 1938இல் இங்கிலாந்தின் எப். டபிள்யூ. பெய்ன் என்ற பொறியியல் நிறுவனம் உருவாக்கியது. சதர்ன் மலாயன் டின் டிரெட்ஜிங் கம்பெனிக்காக 1982 வரை வேலை செய்தது. அடியில் இருக்கும் மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். பள்ளிப் பிள்ளைகள் உடன் வந்தால் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 2,625 சதுர மீட்டர். 4,500 டன் எடையைத் தாங்க 4,500 கன மீட்டர் நீரை அது விலக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் மிதவை ஏறக்குறைய 1.7 மீட்டர் நீரில் அமிழும். நடுவே ஏணி இறங்குவதற்கு ஒரு பிளவு விட்டிருப்பதால் இன்னும் சற்றுக் கூடுதலாக அமிழும். அவ்வளவுதான். இவ்வளவு பெரிய இரும்பு மலை மிதக்க ஓர் ஆள் உயரத் தண்ணீருக்குச் சற்று மேல் இருந்தால் போதும்!

வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். முன்பக்கம் சாய்வான பெரிய ஏணி. அதன் மேல் கீழாகச் சுற்றும் சங்கிலியில் இரும்பு வாளிகள். வாளிகள் குளத்தின் அடியில், 30 மீட்டர் ஆழம் வரை சென்று மண்ணை வாரி மேலே கொண்டுவந்து கொட்டும். சுழலும் சல்லடை கல்லைப் பிரிக்கும். 'ஜிக்' என்ற தொட்டிகளில் நீர் குலுக்கப்பட, கனமான ஈய மணிகள் அடியில் தங்கும். மிஞ்சிய மணல் பின்பக்கம் வழிந்து குளத்திலேயே விழும்.

இதில்தான் ஒரு வேடிக்கை. கப்பல் முன்னால் கரையைத் தின்கிறது. பின்னால் மணலைப் போட்டுக் குளத்தை மூடுகிறது. கரையில் நட்ட நங்கூரங்களில் கட்டிய இரும்புக் கயிறுகளை வின்ச்சு இயந்திரங்கள் இழுக்க, கப்பல் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. ஆக, கப்பல் குளத்துக்குள் ஓடுவதில்லை. குளத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு நடக்கிறது!

ஆனால் எவ்வளவு தூரம் நடக்கலாம்? குறுக்கே சாலை வரும், ரயில் பாதை வரும், ஊர் வரும், அடுத்தவர் நிலம் வரும். ஈய மண்ணும் ஓரிடத்தில் தீர்ந்துபோகும். அப்போது முதலாளி முன்னால் இரண்டு வழிகள். பழைய இரும்புக்கு விற்றுவிடலாம். அல்லது பிரித்து வேறு நிலத்தில் மீண்டும் கட்டலாம். நல்ல கப்பலைப் பிரித்துக் கட்டுவதே வழக்கமாக இருந்தது. புதிதாக வாங்குவதைவிட அது மலிவு.

பிரிப்பதும் சாதாரண காரியம் அல்ல. முதலில் கப்பலைக் குளத்தின் ஓரத்துக்கு, அடி சமமாக உள்ள இடத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு குளத்து நீரை இறைப்பார்கள். நீர் வற்ற வற்ற மிதவை மெல்ல இறங்கித் தரையில் உட்காரும். அடி சமமாக இல்லாவிட்டால் மிதவை முறுக்கிக்கொள்ளும், தகடுகள் பிதுங்கும். ஆகவே இந்த உட்காருதல்தான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் நேரம்.

அடுத்து, ஏணியைக் கட்டைகளின் மேல் தாங்கவைத்து, வாளிகளைக் கோத்திருக்கும் கனமான ஊசிகளை அடித்து வெளியேற்றுவார்கள். மாலையிலிருந்து மணிகளை உருவுவதுபோல வாளிகள் ஒவ்வொன்றாகக் கழலும். பின் இயந்திரங்கள், ஜிக் தொட்டிகள், சல்லடை, மேல்கூரை, தூண்கள் என்று மேலிருந்து கீழாகப் பிரித்து வருவார்கள். கடைசியில் மிதவை. ரிவெட்டு ஆணிகளை வெட்டித் தகடு தகடாக எடுப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவே, சாயக் குவளையும் தூரிகையும் வைத்துக்கொண்டு ஒருவர் திரிவார். கழற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுவது அவர் வேலை. இடப்பக்கமா, வலப்பக்கமா, எத்தனையாவது வரிசை, எதோடு சேரவேண்டியது என்று வரைபடத்திலும் இரும்பிலும் ஒரே எண்ணை எழுதுவார்கள். அந்த எண் அழிந்தால் புதிய இடத்தில் துண்டு இருக்கும், அதன் இடம் இருக்காது. அப்புறம் மாட்டு வண்டி, லோரி, ரயில் என்று காலத்துக்கு ஏற்ற வாகனத்தில் பயணம்.

சேர்ப்பது தலைகீழ் வேலை. புதிய நிலத்தில் முதலில் பெரிய பள்ளம் தோண்டி அடியைச் சமப்படுத்துவார்கள். காய்ந்த பள்ளத்திலேயே மிதவையைத் தைத்து முடிப்பார்கள். பிறகு ஓடையைத் திருப்பி நீர் விடுவார்கள். குழந்தை தொட்டிலில் அசைவதுபோல மிதவை ஒரு கணம் அசைந்து மேலே எழும்பும். மிதந்த பிறகுதான் இயந்திரங்கள் ஏறும். தண்ணீர் கப்பலைத் தேடி வந்ததே ஒழிய, கப்பல் தண்ணீரைத் தேடிப் போகவில்லை.

உலகில் பிற இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. கனடாவின் யூக்கோன் பகுதியில் தங்கம் எடுத்த 'நான்காம் எண்' கப்பலை 1941இல் பிரித்து வேறிடத்தில் கட்டினார்கள். 1959 வரை அது உழைத்தது. நம் பக்கத்து ஊரான சிங்கப்பூருக்கு வந்தது இன்னொரு வகை. சேதமடைந்த போர்க்கப்பல்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்திப் பழுது பார்க்கும் மிதக்கும் மேடை அது. அறைகளில் நீரை நிரப்பினால் அமிழும். கப்பல் உள்ளே வந்ததும் நீரை இறைத்தால், கப்பலோடு மேலே எழும்பும். தூக்கும் சக்தி 50,000 டன். 1928இல் அதை இங்கிலாந்தின் டைன் நதியிலிருந்து பகுதி பகுதியாகக் கடலில் இழுத்து, சூயஸ் கால்வாய் வழியே கொண்டுவந்து சிங்கப்பூரில் இணைத்தார்கள். அதற்குக் கடல் இருந்தது. நம் ஈயக் கப்பலுக்கு இருந்ததெல்லாம் மனிதர்களின் தோளும் தண்டவாளமும்தான்.

அந்தத் தண்டவாளம் போட்டவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளான் ரயில் பாதை 1886இல் ஓடத் தொடங்கிய காலம் முதல், பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் செந்தூல் பட்டறையிலும் நம்மவர் வியர்வை சிந்தினார்கள். ஈயக் கப்பல்களிலும் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூவரும் சேர்ந்தே இரவு பகலாக முறை மாறி வேலை செய்தார்கள். வாளிகள் கிறீச்சிடும் சத்தம் ஊருக்கே கேட்கும். சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும் என்பார்கள்.

ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றது. 1985 அக்டோபரில், ஈயத்தின் விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரித்தது. விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. லம்பங்கள் வரிசையாக மூடின. இம்முறை கப்பல்களைப் பிரித்தபோது பெரும்பாலும் எண் போட ஆள் தேவைப்படவில்லை. மீண்டும் கட்டும் எண்ணம் இல்லையே! வெட்டிய இரும்பு எடைக்குப் போயிற்று. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பத்து காஜா என்ற பெயருக்குக் கல் யானை என்று பொருள். அந்த ஊர்ப் பக்கத்தில் இந்த ஓர் இரும்பு யானை மட்டும் இறந்தும் நிற்கிறது. இடையில் மிதவையில் நீர் கசிந்து சாய்ந்த அதனைச் செப்பனிட்டு, பொதுமக்கள் ஏறிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

கப்பலின் மேல்தட்டில் நின்று குளத்தைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பிரித்தல் நினைவுக்கு வந்தது. 1950களின் இறுதியில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்களே, அந்தத் 'தோட்டத் துண்டாடல்' உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. நிலத்துக்கு எண் இருந்தது, அளவு இருந்தது, வரைபடம் இருந்தது. லயத்தில் இருந்த குடும்பங்களுக்கு மட்டும் இருக்கவில்லை. அடுத்த வீட்டு அத்தை எந்தத் தோட்டத்துக்குப் போனார், கோயில் பூசாரி எங்கே போனார், பள்ளித் தோழன் எந்தப் பட்டணத்தில் இருக்கிறான் என்று தெரியாமலே போயிற்று. பிற்காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடமைப்புக்காகத் தோட்டங்கள் மறைந்தபோதும் அதே கதைதான்.

கைகட்டி நிற்காதவர்களும் இருந்தார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கச் செய்தார். துண்டாகிப் போகவிருந்ததைச் சேர்த்துப் பிடித்த வேலை அது. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் சேர்த்துக் கட்ட முடியும் என்று அது காட்டியது.

பிரிவது வாழ்க்கையில் தவிர்க்க முடியாதது, அன்பர்களே. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் ஈயக் கப்பலைப் பிரித்த தொழிலாளி செய்ததைப் போல, எது எதோடு சேர்ந்திருந்தது என்று குறித்துவைக்கலாமே! இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனையாம் வீடு, பக்கத்து வீட்டில் யார், எந்த ஆண்டு எங்கே பெயர்ந்தோம் என்று தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தஞ்சோங் துவாலாங் சாலையில் போய் வாருங்கள். கிளம்புமுன் கப்பலைப் பார்க்கத் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். இரும்புத் தட்டில் வெயில் சுடும். பாட்டியையும் முன் இருக்கையில் உட்காரவையுங்கள். நோட்டுப் புத்தகத்தை மறந்துவிடாதீர்கள். இரண்டரை மணி நேரப் பயணத்தில் ஒரு லயத்தின் வீடுகள் முழுவதையும் எழுதி முடித்துவிடலாம்.